வட்டி எந்த நாளில் தொடங்குகிறது?



தனிவட்டிக் கணக்கை உங்களுக்கு எத்தனை முறை கரும்பலகையில் போட்டிருப்பேன்! ஆனால் அதில் வரும் 'காலம்' எந்த நாளில் தொடங்கும் என்று சொல்லித் தரவில்லை.

என் தம்பி ஒரு மனைக்கு 2 லட்சம் முன்பணம் கொடுத்தான். கிரயம் நடக்கவில்லை. மூன்று வருடம் வாயால் கேட்டே அலைந்தான். பிறகுதான் வக்கீல் நோட்டீஸ். தீர்ப்பில் 6 சதவீத வட்டி கிடைத்தது, ஆனால் நோட்டீஸ் தேதியிலிருந்துதான். 36,000 ரூபாய் போயிற்று.

இது பழைய விதி. பணம் தர வேண்டிய நாள் ஆவணத்தில் இல்லையென்றால், வட்டி வேண்டும் என்று எழுதிக் கேட்ட நாளிலிருந்தே கணக்கு என்றது 1839ஆம் ஆண்டு வட்டிச் சட்டம். அதற்குப் பதிலாக வந்த 1978ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே வைத்துக்கொண்டது.

2016இல் வந்த ரெரா சட்டம்தான் இதை மாற்றியது. கட்டுநர் சொன்ன நாளில் வீட்டை ஒப்படைக்காமல், நாம் விலகினால், அவர் பணம் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. ஒவ்வொரு தவணைக்கும் தனிக் கணக்கு. அப்படிப் பணத்தைத் திரும்பக் கேட்பது நிபந்தனையற்ற உரிமை என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தனி ஆளிடம் மனை வாங்கினால் ரெரா வராது. ஆகவே பிள்ளைகளே, கூச்சப்படாமல் 'வட்டியுடன்' என்று எழுதி, தேதி போட்டு, பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.