நீக்கப்பட்ட உலோகத்தின் வரலாறு: பழைய மோட்டார் சைக்கிளின் சிலிண்டர் ஹெட்டை ஆவணமாக வாசித்தல்

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் வடிவமைத்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. ஓர் இயந்திரத்தைப் பழுதுபார்த்தவர்களும் திருத்தியவர்களும் அதில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை. அவர்கள் எழுதி வைக்கவில்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். இக்காரணம் முழுமையானது அன்று என்பதே இப்பதிவின் வாதம். அவர்கள் உலோகத்தில் எழுதினார்கள். நாம்தான் அதை வாசிக்கக் கற்கவில்லை. சான்றாக ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்கிறேன்: பழைய மோட்டார் சைக்கிளின் சிலிண்டர் ஹெட்.

முதலில் பொருளை விளக்கிவிடுகிறேன். நான்கு வீச்சு எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வரும் வழியும், எரிந்த வாயு வெளியேறும் வழியும் ஹெட்டில் வார்க்கப்பட்டிருக்கும். இவ்வழிகளே போர்ட் எனப்படுகின்றன. வார்ப்பின் சொரசொரப்பு, வால்வு சீட்டுக்குக் கீழே உள்ள விளிம்பு, வழி திடீரெனத் திரும்பும் வளைவு ஆகியவை காற்றின் ஓட்டத்தைத் தடுக்கும். அவற்றைத் தேய்த்துச் சீராக்குவதே போர்ட்டிங். வழியை அகலப்படுத்தினால் போதும் என்று புதியவர்கள் நினைப்பர். அது தவறு. வழி அகன்றால் காற்றின் வேகம் குறையும். குறைந்த சுழற்சியில் வண்டியின் இழுவை போய்விடும். எங்கே தேய்க்க வேண்டும் என்பதைவிட எங்கே தேய்க்கக் கூடாது என்பதே இக்கலையின் சாரம். நீக்கிய உலோகம் திரும்பி வராது. கல்வெட்டில் தவறாக வெட்டிய எழுத்தைப்போல, பிழையும் பொருளிலேயே தங்கிவிடும்.

மொழியியல் பயின்றவன் என்பதால் சொற்களிடம் சற்று நிற்கிறேன். துறைமுகத்தைக் குறிக்கும் ஆங்கிலப் ‘போர்ட்’ இலத்தீனின் ‘போர்ட்டஸ்’ என்பதிலிருந்தும், எஞ்சினின் ‘போர்ட்’ வாயில் எனப் பொருள்படும் ‘போர்ட்டா’ என்பதிலிருந்தும் வந்தவை. இதைத் ‘துளை’ என்று தமிழாக்கினால் பாதிப் பொருள் நழுவிவிடும். துளைக்கு வடிவம் பற்றிய கவலை இல்லை, வாயிலுக்கு உண்டு. பட்டறைத் தமிழில் ‘போர் போடுவது’ என்றொரு தொடர் உண்டு. அது தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் வேலை, போர்ட்டிங் அன்று. ஒலி நெருங்கியிருப்பதால் நேர்காணல் பதிவுகளில் இவ்விரண்டும் எளிதில் குழம்பும். களப்பணி செய்யும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இனி வரலாறு. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 முதல் 1953 வரை பிரிட்டனில் பூல் பெட்ரோல் என்ற ஒரே தரமான, தாழ்ந்த ஆக்டேன் எரிபொருளே விற்கப்பட்டது. ஆக்டேன் தாழ்ந்த பெட்ரோலை அதிகமாக அழுத்தினால் அது தன்போக்கில் வெடித்துப் பிஸ்டனைச் சேதப்படுத்தும். ஆகவே அக்காலப் பிரிட்டிஷ் வண்டிகள் குறைந்த அழுத்த விகிதத்திலேயே வடிவமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றுதான் ராயல் என்ஃபீல்டு புல்லட். 1955இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. 346 சி.சி. கொள்ளளவும் 6.5க்கு 1 என்ற அழுத்த விகிதமும் கொண்ட அந்த எஞ்சின் பல பத்தாண்டுகள் இங்கே பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தது. போர்க்காலப் பிரிட்டனின் எரிபொருள் பஞ்சம் இந்தியச் சாலைகளில் அடுத்த தலைமுறை வரை ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதே காலத்தில் அங்கே ஹெட் வேலை எழுத்துக்குள் வந்துவிட்டது. ஹாரி வெஸ்லேக் காற்றோட்டத்தை அளக்கும் கருவியைக் கொண்டு போர்ட்டுகளின் வடிவத்தை ஆராய்ந்தார், ஜாகுவாரின் எக்ஸ்.கே. எஞ்சினின் ஹெட்டிலும் அவர் பங்கு உண்டு. வின்சென்ட் நிறுவனப் பொறியாளர் ஃபில் இர்விங் 1948இல் ‘டியூனிங் ஃபார் ஸ்பீட்’ என்ற நூலை வெளியிட்டார். கைத்திறன் நூலானது, நூலானதால் வரலாறும் ஆனது. இந்தியாவிலோ, விடுதலைக்குப் பிந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் 1957-58 அந்நியச் செலாவணி நெருக்கடியும் உதிரிப் பாகங்களை அரிதாக்கின. கையிலிருப்பதைத் திருத்தி ஓட்டுவது பொழுதுபோக்காக அன்றித் தேவையாக இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்கள் அத்திருத்தங்களுக்குச் சோதனைக் களமாயின. ஆனால் நமக்கு ஒரு இர்விங் வாய்க்கவில்லை.

இரண்டு வீச்சு எஞ்சினின் கதை இன்னும் நுட்பமானது. அதில் போர்ட்டுகள் ஹெட்டில் இல்லை. சிலிண்டர் சுவரிலேயே உள்ளன. வால்வின் வேலையைப் பிஸ்டனே செய்கிறது. புகைபோக்கிப் போர்ட்டின் மேல்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினாலும் அது திறக்கும் நேரம் முந்திவிடும். எஞ்சினின் வலு உயர்ந்த சுழற்சிக்கு நகரும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் இதை அறிவியலாக்கினார். 1961இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத்திறனை, அதாவது லிட்டருக்கு 200 என்ற அளவை எட்டியது. அவ்வாண்டே அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்குக்குத் தப்பி, சுசுகியில் சேர்ந்தார். அறிவும் அவருடன் ஜப்பான் சென்றது. அதே 1961இல்தான், பம்பாயைச் சேர்ந்த இரானி குடும்பத்தின் ஐடியல் ஜாவா மைசூரில் உற்பத்தியைத் தொடங்கியது. 1980களில் எஸ்கார்ட்ஸ் தயாரித்த ராஜ்தூத் 350, யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகியவற்றில் ஜப்பானிய இரண்டு வீச்சு நுட்பம் நம் பட்டறைகளை வந்தடைந்தது.

மும்பையின் நிலவியலை இப்பின்னணியில் பாருங்கள். மாட்டுங்காவில் 1915 முதல் இயங்கும் ரயில்வே பணிமனை; அருகிலேயே, 1887இல் தொடங்கிப் பின்னர் அங்கு இடம்பெயர்ந்த வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி. வடபக்கம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் குடியேறிய தாராவி. அங்கே பழைய அலுமினியத்தை உருக்கும் உலைகள். கிழக்கே செம்பூரை ஒட்டிய டிராம்பேயில் 1954, 1955ஆம் ஆண்டுகளில் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். கடைசல், ஏட்டறிவு, உலோகம், எரிபொருள் என்று சிலிண்டர் ஹெட்டின் வாழ்வைத் தீர்மானிக்கும் நான்கும் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆயினும் இவை நான்கு தனித்தனி வரலாறுகளாகவே எழுதப்படுகின்றன: ரயில்வே வரலாறு, கல்வி வரலாறு, குடிசைப்பகுதி ஆய்வு, எண்ணெய் அரசியல். இவற்றை இணைக்கும் பொருள் எதுவும் நம் மேசைமேல் இல்லை.

எரிபொருள் உலோகத்தில் எப்படிப் பதிகிறது என்பதற்கு இன்னொரு சான்று. 2000 பிப்ரவரி 1 முதல் இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்பட வேண்டும் என்றானது. பொதுநலத்துக்கு மிக நல்ல முடிவு. ஆனால் ஈயச் சேர்மத்தின் படிவு அதுவரை வால்வு சீட்டுக்கு மெல்லிய காப்பாகவும் இருந்தது. பி.எஸ்.ஏ. எம்20 போன்ற போர்க்கால வண்டிகளில் வால்வு நேரடியாக வார்ப்பிரும்பின் மீதே அமர்கிறது; காப்பு நீங்கினால் கடும் ஓட்டத்தில் சீட் தேய்ந்து உள்ளிறங்கும். ஆகவே பழைய சீட்டைக் கடைந்தெடுத்துக் கடினப்படுத்திய வளையத்தைப் பொருத்துவது மறுசீரமைப்பில் வழக்கமானது. அவ்வளையம் உள்ள பழைய வண்டி, ஓர் அரசாணையின் தடத்தைத் தன்னுள் சுமக்கிறது.

ஆபத்து எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். பழைய வண்டிகளின் சந்தை விலை ஏற ஏற, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு மீட்பதே மறுசீரமைப்பின் இலக்கணமாகிறது. அந்த இலக்கணத்தின்படி, கையால் திருத்தப்பட்ட ஹெட் ஒரு குறை. கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். கழற்றப்பட்ட அலுமினிய ஹெட் எடைக்குப் போகும். தாராவியின் உலையிலோ வேறோர் உலையிலோ பாளமாகும். உலைக்காரர் தம் தொழிலைத்தான் செய்கிறார். அதற்கு முன் அளந்து வைக்காதது நம் பிழை. சுவடிகளைத் தேடி ஊரூராக அலைந்த மரபைப் பெருமையோடு பேசும் நாம், பெயர் தெரியாத ஒருவர் மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துக் கண்டறிந்த வடிவத்தை எடைக்கல்லுக்கு விட்டுவிடுகிறோம்.

இதற்குப் பெருநிதி தேவையில்லை. போர்ட்டுக்குள் சிலிகோன் ரப்பரை ஊற்றி உறையவிட்டு எடுத்தால் உள்வடிவம் அப்படியே கையில் வரும். ஹெட்டைக் கவிழ்த்துத் துளையிட்ட கண்ணாடித் தகட்டால் மூடி, ப்யூரெட்டால் எண்ணெய் நிரப்பினால் எரியறையின் கொள்ளளவு தெரியும். 346 சி.சி. எஞ்சினில் 6.5க்கு 1 விகிதத்துக்கு ஏறக்குறைய 63 சி.சி. இடம் மிஞ்ச வேண்டும், 7.5க்கு 1 என்றால் 53 தான். பிஸ்டனின் தலை, கேஸ்கெட் ஆகியவற்றுக்குக் கணக்கு வைத்துப் பார்த்து, அந்த 10 சி.சி. குறைந்திருக்கக் கண்டால், யாரோ ஒருவர் துணிந்து அழுத்தத்தை உயர்த்தியிருக்கிறார் என்று பொருள். எந்தப் பெட்ரோலை நம்பி உயர்த்தினார் என்பது அடுத்த கேள்வி. வரலாறு அங்கே தொடங்குகிறது.

பொறியியல் மாணவர்கள் அளக்கட்டும். வரலாற்று மாணவர்கள் காலத்தை நிறுவட்டும். மொழியியல் மாணவர்கள் பட்டறைச் சொற்களைப் பதியட்டும். உங்கள் ஊரில் மூத்த மெக்கானிக் ஒருவர் இருந்தால், ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு வெர்னியர் அளவியையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் சொல்ல மறந்ததை அவர் தேய்த்த உலோகம் சொல்லக்கூடும்.