எட்டு கிளாஸ் கணக்கும் அம்மம்மாவின் தாகமும்

போன கிழமை அக்காவின் மகள் ஒரு புதுத் தண்ணீர்ப் போத்தலோடு வீட்டுக்கு வந்தாள். போத்தலின் பக்கத்தில் காலை 9 மணி, 11 மணி என்று கோடுகள். "மாமா, ஒரு நாளைக்கு எட்டு கிளாஸ் குடிக்க வேணுமாம். ஏன் எட்டு?"

உங்களில் பலரிடமும் அப்படி ஒரு போத்தல் இருக்கும். அந்த எட்டு எங்கிருந்து வந்தது?

1945இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிச் சபையின் உணவு, போசணைக் குழு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.5 லீட்டர் தண்ணீர் போதும், அதாவது சாப்பிடும் ஒவ்வொரு கலோரிக்கும் ஒரு மில்லிலீட்டர் என்று அதில் இருந்தது. அடுத்த வசனமோ, இதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றது. சோற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். வெள்ளரிக்காயில் நூற்றுக்கு 95 பங்கு. சொதி, ரசம், தேத்தண்ணி எல்லாமே கணக்கில் சேரும்.

எட்டு கிளாஸ் கதை இங்கேதான் தொடங்கியது என்று பலர் கருதுகிறார்கள். முதல் வசனம் ஊரெல்லாம் பரவியது, இரண்டாவது வசனம் வழியில் தொலைந்தது. மென்பொருள் வேலையிலும் இது நடக்கும். வாடிக்கையாளரின் பத்திரத்தில் ஒரு எண் மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கும், அதன் கீழே எழுதிய நிபந்தனையை ஒருவரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

2002இல் ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக ஆய்வாளர், எட்டு கிளாஸுக்கு ஆதாரம் தேடிப் பழைய ஆய்வுகளைப் புரட்டினார். ஒன்றும் கிடைக்கவில்லை. இரத்தம் கொஞ்சம் செறிவானாலே மூளை தாகத்தைக் கிளப்பிவிடும், சிறுநீரகமும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதிகமாகக் குடித்தாலும் ஆபத்து உண்டு. அதே 2002இல் பாஸ்டன் மரதன் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 13 விழுக்காட்டினருக்கு சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கிய காரணம்.

வால்டினின் கட்டுரையை வாசித்த பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. யார் எட்டு கிளாஸ் என்றாலும் திருத்துவேன். "அம்மம்மா, தாகம் எடுத்தால் குடியுங்கோ, போதும்" என்று அவவுக்கும் சொன்னேன்.

2022 ஜூலை 19. பிரித்தானியாவில் முதன்முறையாக வெப்பம் 40 பாகையைத் தாண்டிய நாள். எங்கள் நோர்பரி வீட்டின் மாடி அறை அடுப்படி மாதிரி இருந்தது. நான் கணினியோடு கீழே இருந்தேன். பின்னேரம் மேலே போனபோது அம்மம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்தா. காலையில் குடித்த தேத்தண்ணிக்குப் பிறகு ஒன்றுமே குடிக்கவில்லை. பிறகு கேட்டதற்கு, "தாகமே எடுக்கேல்லையடா தம்பி" என்றா. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்றார் வைத்தியர். இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள்.

அவ பொய் சொல்லவில்லை. 1984இலேயே ஒரு ஆய்வு வந்திருந்தது. 67 முதல் 75 வயதுள்ள ஆரோக்கியமான ஏழு ஆண்களையும் ஏழு இளைஞர்களையும் 24 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் வைத்திருந்தார்கள். பிறகு தண்ணீர் கொடுத்தபோது இளைஞர்கள் இழந்ததை ஈடுசெய்யும் அளவு குடித்தார்கள். முதியவர்களுக்குத் தாகமும் குறைவு, குடித்ததும் போதவில்லை. வால்டினும் தன் முடிவு மிதமான காலநிலையில், அதிகம் அலையாமல் வாழும் ஆரோக்கியமானவர்களுக்குத்தான் என்று எழுதியிருந்தார். நான்தான் அந்த வசனத்தைத் தாண்டிப் போயிருந்தேன்.

இங்கிலாந்தின் சுகாதார சேவை இப்போது ஆறு முதல் எட்டு கோப்பை என்கிறது. தேநீர், கோப்பி, பால் எல்லாம் அதில் அடங்கும். வெயில் காலத்திலும் விளையாடும் நாட்களிலும் கூடுதலாக வேண்டும்.

மருமகளிடம், போத்தலை வைத்திரு, கோடுகளைப் பார்த்துப் பயப்படாதே, சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி என்றேன். முகத்தைச் சுளித்தாள். அம்மம்மாவுக்கு மட்டும் பின்னேரம் நாலு மணிக்கு, தாகம் எடுக்குதோ இல்லையோ, ஒரு கோப்பை மோர். "இப்ப வேண்டாமடா" என்பா. குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் இருப்பேன்.