வட்டில்லாக் கணினியை நிறுத்துதல்

வட்டில்லாக் கணினி என்பது தன் மூலக் கோப்பு முறைமையை வலையமைப்பின் வழியாக வழங்கியிலிருந்து பெறும் கணினி ஆகும். லினக்சில் இதற்குப் பெரும்பாலும் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984 இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ் நெறிமுறை பயன்படுகிறது.

பொதுவாகக் கணினியை நிறுத்தும்போது, மூலக் கோப்பு முறைமையை விடுவிக்குமுன்பே வலையமைப்பு இடைமுகம் முடக்கப்படும். வன்தட்டுள்ள கணினிக்கு இதனால் தீங்கில்லை. வட்டில்லாக் கணினியிலோ, அடுத்து இயங்கவேண்டிய நிறுத்தக் கட்டளையே வழங்கியில்தான் உள்ளது. கருனி மறுமொழிக்காக முடிவின்றிக் காத்திருக்க, கணினி உறைந்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்தால், வழங்கிக்கு இன்னும் அனுப்பப்படாத தரவு அழியும்.

எனவே டெபியனின் வலையமைப்பு நிறுத்த நிரல், பிணையக் கோப்பு முறைமை ஏற்றப்பட்டிருந்தால் இடைமுகத்தைத் தொடாமல் விட்டுவிடும். முகவரி பெற்றுத்தரும் டிஎச்சிபி நிரலையும் கவனிக்கவேண்டும். அது நிறுத்தப்படும்போது முகவரியைத் திருப்பியளித்துவிட்டால் விளைவு ஒன்றே. சிஸ்டம்டி உள்ள கணினிகளில், நினைவகத்தில் வைத்த சிறு கோப்பு முறைமைக்கு மாறி, அங்கிருந்து மூலத்தை விடுவிக்கவும் இயலும்.