ஆசனப்பட்டியின் சிற்றுறுப்புகள்

கினிகத்தேனையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் நோக்கிச் செல்லும் வீதி, ஒருபுறம் மலைச்சரிவும் மறுபுறம் பள்ளத்தாக்குமாக வளைந்து வளைந்து செல்வது. 1965ஆம் ஆண்டு விமலசுரேந்திர மின்னிலையம் எழுந்த இப்பகுதியிற் பொறியியலின் ஆற்றலை மக்கள் அணைக்கட்டிலும் சுழலியிலும் கண்டனர். ஆயின், இவ்வீதிகளில் மோட்டார் வண்டியிற் செல்வோரின் உயிரைக் காக்கும் பொறியியலோ உள்ளங்கையில் அடங்கும் சில உறுப்புகளில் ஒடுங்கிக் கிடக்கின்றது. அவற்றின் வரலாறு அறியற்பாலது.

ஐக்கிய அமெரிக்காவில் எட்வர்ட் கிளாகோர்ன் என்பார் 1885இலேயே காப்புப் பட்டியொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். மோட்டார் வண்டிகளில் முதலிற் பரவிய பட்டி இடுப்பை மட்டுமே பிணித்தது; மோதலின்போது மேலுடல் முன்னோக்கிப் பாய்வதை அது தடுக்கவில்லை. 1955இல் கிரிஸ்வோல்டும் டிஹேவனும் ஆக்கவுரிமை பெற்ற பட்டி மார்பையும் பிணித்ததாயினும், அதன் பூட்டு வயிற்றின்மேல் அமைந்தது. எலும்பின் காப்பற்ற அவ்விடத்திற் பூட்டு அழுத்துதல் ஊறு விளைப்பதாகும்.

இக்குறையைத் தீர்த்தவர் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் நில்ஸ் போலின். விமானங்களின் வெளியெறி ஆசனங்களை வகுத்த அனுபவத்துடன் 1958இல் வொல்வோ நிறுவனத்திற் சேர்ந்த அவர், மறு ஆண்டே மும்முனைப் பட்டியை உருவாக்கினார். இடுப்புப் பட்டியும் மார்புப் பட்டியும் இடுப்பின் பக்கத்தே தாழ்வாக ஒன்றுசேர்ந்தன; ஒரு கையாலேயே அதனை மாட்டவும் கழற்றவும் இயன்றது. பூட்டின் இடமாற்றம் சிறிது. அதன் பயனோ பெரிது. அந்நிறுவனம் இவ்வாக்கவுரிமையைப் பிறரும் பயன்படுத்த விட்டமை போற்றற்குரியது. பின்னர் 28,000 விபத்துகளை ஆராய்ந்து 1967இல் வெளியிடப்பெற்ற அறிக்கை பட்டியின் பயனை ஐயமற நிலைநாட்டியது.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி மோதி நிற்குங்கால், 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடல் அரை மீற்றர் தூரத்துள் ஓய்வுறுவதாகக் கொள்வோமாயின், அவரைத் தாங்கும் விசை ஏறத்தாழ 1,200 கிலோகிராம் பாரத்துக்கு நிகராகும். இத்துணை விசையையும் நெய்த பட்டியும், உருக்கு நாக்கும், அதனைப் பற்றும் பூட்டும், தளத்தில் இறுகிய ஆணிகளுமே ஏற்கின்றன. எனினும், மோதற் சோதனைக்குப் பின்னரும் 60 நியூற்றனுக்கு மேற்படாத விசையால் அப்பூட்டுத் திறக்கவேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் 16ஆம் ஒழுங்குவிதி. இறுகப் பற்றுதலும் எளிதில் விடுதலும் ஒருங்கே அமைதல் வேண்டும் என்க.

மலைநாட்டார்க்குச் சிறப்பாக உரியது பட்டி சுருளும் பேழையாகும். பலவற்றில், ஒரு கிண்ணத்தில் சிறு உருக்குக் குண்டு தங்கியிருக்கும். வண்டி திடீரெனத் தளர்ந்தால், அன்றிச் சரிந்தால், குண்டு உருண்டு நெம்பை உயர்த்தும், நெம்பு பற்சில்லைப் பிடிக்கும், பட்டி நின்றுவிடும். 12 பாகை வரையான சாய்விற் பூட்டாமலும், 27 பாகையைக் கடந்தாற் பூட்டியும் நிற்பதே பொதுவான சுருட்பேழைக்குரிய விதி. எனவே ஏற்றத்தில் அது பயணியைத் தொல்லைப்படுத்தாது. வண்டி கவிழுங்கால் அவரைக் கைவிடாது. கூரிய வளைவிற் பட்டி ஒருகணம் பிடித்துக்கொள்வதைப் பழுதெனக் கருதுவார் உளர். அது பழுதன்று, குண்டு விழித்திருப்பதன் அடையாளமே.

இலங்கையில் 2011 ஒக்டோபர் முதல் சாரதியும் முன்னாசனத்தில் இருப்பவரும் பட்டி அணிதல் கட்டாயமாயிற்று. முன்னாசனத்தோரின் மரண அபாயத்தைப் பட்டி ஏறத்தாழ அரைவாசியாகக் குறைக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஆனால் சட்டம் பட்டியை அணிவிக்குமேயன்றி அதன் உறுப்புகளைப் பேணாது. பின்னாசனப் பூட்டு இருக்கையுறையின் கீழ்ப் புதைந்தும், எச்சரிக்கை மணியை அடக்கவெனப் பூட்டில் வெறும் நாக்குச் செருகப்பட்டும், பட்டியின் ஓரம் பிய்ந்தும் கிடப்பின், போலினின் அறிவும் அக்குண்டின் விழிப்பும் வீணே. பள்ளத்தாக்கின் விளிம்பில் ஓர் உயிர் நிலைப்பதும் நிலையாததும் இச்சிற்றுறுப்புகளின் கையிலேயே உள்ளது.