கிழிந்த கூம்பும் காந்தத்தின் மேல் எழுத்தும்

1951ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேலிலிருந்து டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸை நோக்கி இசைக்குழுவொன்று நெடுஞ்சாலை 61 வழியே சென்றுகொண்டிருந்தது. குழுத்தலைவர் ஐக் டர்னருக்கு அப்போது வயது பத்தொன்பது. வழியில் அக்குழுவின் கிடார் கலைஞர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப்ளிஃபயர் பழுதுபட்டது. காரின் மேலிருந்து விழுந்தது என்பார் ஒரு சாரார்; மழையில் நனைந்தது என்பார் பிறிதொரு சாரார். எவ்வாறாயினும், சாம் ஃபிலிப்ஸின் சிறிய ஒலிப்பதிவுக்கூடத்தை அடைந்தபோது ஸ்பீக்கரின் கூம்பு சிதைந்திருந்தது. ஃபிலிப்ஸ் காகிதத்தைக் கசக்கி அவ்விடத்தில் அடைத்துவிட்டு ஒலிப்பதிவைத் தொடங்கினார். அன்று பதிவானதே 'ராக்கெட் 88'. அவ்வாண்டு ஜூன் மாதம் பில்போர்டு இதழின் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. ராக் இசையின் முதற்பாடல் அதுவே என்று வாதிடுவோர் இன்றும் உளர்.

இப்பாடலைக் கேட்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். கிசார்ட்டின் கிடார் அதில் மேல்தந்திகளில் விளையாடவில்லை. கீழ்த்தந்திகளில், பேஸுக்குரிய நடையில், ஒரே சுழலாகச் செல்கிறது. தொண்டை கட்டியவர் அழுத்திப் பாடுவது போன்ற கரகரப்பு அதில் ஒட்டியிருக்கிறது. அக்கரகரப்பு கலைஞரின் கற்பனை அன்று. கிழிந்த காகிதத்தின் கொடை.

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நம்மை ஈர்த்தது மூலபாடம் பற்றிய கேள்விதான். சிதைந்த ஏட்டில் விடுபட்ட எழுத்தைப் பதிப்பாசிரியர் நிரப்பலாமா, புள்ளியிட்டு விட்டுவிடலாமா என்று வகுப்பறைகளில் நாம் விவாதிக்கிறோம். ஐம்பது, அறுபது ஆண்டு வயதுடைய பேஸ் ஆம்ப்ளிஃபயரைக் கையில் வைத்திருப்பவனுக்கும் அதே சிக்கல் வருகிறது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. ஒட்டுவதா, கூம்பை மட்டும் மாற்றுவதா, முழுவதையும் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டுவதா? ('ஒலிபெருக்கி' என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்க 'ஸ்பீக்கர்' எதற்கு என்று சினக்க வேண்டா. அச்சொல்லை நாம் ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் இரண்டையும் தாங்கிய பெட்டிக்கும் சேர்த்தே வழங்கிவருகிறோம். இங்கே அவற்றைப் பிரித்துக் காட்டியாக வேண்டும்.)

கலிபோர்னியாவின் நாப்பாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் காந்தத்தினிடையே அசையும் கம்பிச்சுருளைக் கொண்டு 1915இல் பெருங்குரலை எழுப்பிக் காட்டினர். இன்றைய கூம்பு ஸ்பீக்கரின் இலக்கணத்தை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ரைஸ், கெல்லாக் ஆகிய இருவரும் 1925இல் வகுத்தனர். இலக்கணம் எளியது. காந்தத்தின் குறுகிய வட்ட இடுக்கில் கம்பிச்சுருள் தொங்குகிறது. அதனோடு காகிதக் கூம்பு ஒட்டியிருக்கிறது. மின்னோட்டம் மாற மாறச் சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பு காற்றைத் தள்ளுகிறது. சுருள் இடுக்கின் சுவரைத் தொடாதிருக்க, நெளிவுகள் கொண்ட பிசினூட்டிய துணியொன்று அதை நடுவில் நிறுத்துகிறது. இத்துணையும் செய்யும் காகிதமோ, நாம் எழுதும் தாளினும் பெரிதும் தடித்ததன்று.

பேஸ் கிடார் இவ்வேற்பாட்டுக்குக் கூற்றுவனாக வந்தது. லியோ ஃபெண்டர் தமது பிரிசிஷன் பேஸை 1951இல் அறிமுகம் செய்தார். அதன் கீழ்த்தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. கிடாரின் கீழ்த்தந்தி 82 முறை. வேறுபாடு ஒரு ஸ்தாயிதானே என்று தோன்றும். ஆனால் ஒலியின் வலிமை குறையாதிருக்க வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகும்போது கூம்பின் அசைவு நான்கு மடங்காக வேண்டும் என்பது இயற்பியல் விதி. கூம்பின் விளிம்பு கிழிகிறது, நடுத்துணி தளர்கிறது, சுருள் இடுக்கில் உரசுகிறது. மின்சுமை மிகுந்தால் சுருளே கருகிப்போகிறது. பேஸ் ஆம்ப்ளிஃபயரின் வரலாறு என்பதே ஒரு வகையில் ஸ்பீக்கர்கள் சாகாமல் காக்கும் முயற்சியின் வரலாறு என்பது நமது கருத்து.

ஃபெண்டரின் பேஸ்மேன் 1952இல் வெளிவந்தபோது அதில் 15 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர் ஒன்றே இருந்தது. 1954இன் இறுதியில் அவ்வொன்றை நீக்கிவிட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கை வைத்தார்கள். சுமை நான்காகப் பகிரப்பட்டது. 1958 முதல் 1960 வரை வந்த 5எஃப்6-ஏ என்னும் வடிவம் இன்று பெரும்பொருள் கொடுத்து வாங்கப்படுவது. வேடிக்கை என்னவெனில், அதன் பின்புறம் திறந்தது. கூம்பின் பின்னே அடைபட்ட காற்றின் தாங்கல் இல்லை. பேஸுக்கென்று பிறந்த பெட்டி பேஸுக்கு அத்துணை உகந்ததாய் இல்லை. கிடாருக்கோ அமுதமாய் அமைந்துவிட்டது. இலண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962இல் உருவான முதல் ஆம்ப்ளிஃபயர் இந்தப் பேஸ்மேனின் மின்சுற்றை முன்மாதிரியாகக் கொண்டதே. ஜென்சனுக்குப் பதிலாக உள்நாட்டு செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் அதனோடு சேர்ந்தன; நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்களைப் பின்புறம் மூடிய பெட்டியில் அடைத்தார்கள். அதே சுற்று, வேறு காகிதம், வேறு பெட்டி. பிறந்தது வேறொரு குரல்.

ஆம்பெக் நிறுவனத்தாரின் வழி வேறு. அதன் நிறுவனர் எவரெட் ஹல் பெரிய வயலின் போன்ற நெடும்பேஸ் வாசித்தவர்; கரகரப்பை அறவே வெறுத்தவர். 1960இல் வந்த பி-15 போர்ட்டாஃபிளெக்ஸில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றே உண்டு. ஆனால் பெட்டி நன்கு மூடப்பட்டது. சக்தியும் 25 வாட் அளவினது. மோட்டவுன் பாடல்களின் அடிநாதமாய் விளங்கிய ஜேம்ஸ் ஜேமர்சன் பயன்படுத்தியது இவ்வகைப் பெட்டியைத்தான். அரங்குகள் பெருகியபின் 1969இல் அதே நிறுவனம் 300 வாட் எஸ்விடியை வெளியிட்டது. அதன் சுமையைத் தாங்க, பெட்டிக்கு எட்டாக இரண்டு பெட்டிகளில் பதினாறு 10 அங்குல ஸ்பீக்கர்கள் தேவைப்பட்டன.

இனி, கழற்றிய ஸ்பீக்கரைப் புரட்டிப் பார்ப்போம். வரலாற்று ஆர்வலர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் இது. சட்டகத்தின் விளிம்பிலோ காந்தத்தின் மூடியிலோ ஆறு அல்லது ஏழு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் செய்தவர் யார் என்பதைச் சொல்லும்: 220 என்றால் ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு, 137 என்றால் சிடிஎஸ். இறுதி இரண்டு இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதைக் காட்டும். இடையில் ஆண்டு. இங்கேதான் சிக்கல். 220832 என்றிருந்தால் எட்டில் முடியும் ஆண்டின் 32ஆம் வாரம். எந்த எட்டு? 1948, 1958, 1968 மூன்றும் பொருந்தும். பிரபவ முதலான ஆண்டுப்பெயரை மட்டும் தந்து எண்ணைத் தராத சாசனங்களில் நாம் படும் பாடு நினைவுக்கு வருகிறதல்லவா? அங்கே சுழற்சி அறுபது, இங்கே பத்து. எழுத்தமைதியையும் மன்னர் பெயரையும் கொண்டு அங்கே முடிவு செய்வது போல, ஆம்ப்ளிஃபயரின் வடிவத்தையும் பிற உறுப்புகளின் எண்களையும் கொண்டு இங்கே முடிவு செய்கிறார்கள். ஜென்சனின் மாதிரிப் பெயரும் கைகொடுக்கும்: 'பி' என்று தொடங்கினால் அல்னிகோ காந்தம், 'சி' என்றால் பீங்கான் காந்தம்.

பழுதைக் கண்டறியும் முறை எளிது. இரு கைவிரல்களாலும் கூம்பைச் சமமாக, மெல்ல அழுத்தினால் உரசும் ஓசை கேட்கிறதா? ஆம் எனில் சுருள் இடம் பெயர்ந்துவிட்டது. மீட்டரை வைத்துப் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 6 ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிடில் சுருள் அறுந்தது. இந்நிலையில் வால்வு ஆம்ப்ளிஃபயரை இயக்குவது பேதைமை. சுமை இல்லாமல் ஓடும்போது எழும் மின்னழுத்தத்தில் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரே போய்விடக்கூடும். அது ஸ்பீக்கரினும் விலையுயர்ந்தது, கிடைத்தற்கரியது. பேஸ்மேனின் நான்கு ஸ்பீக்கர்களும் 8 ஓம் உடையவை; இணையாகச் சேர்ந்து 2 ஓம் ஆகின்றன. நான்கில் ஒன்றை மாற்றுகிறவர் இக்கணக்கை மறந்தால் துன்பம் தொடரும்.

சிறு கிழிசலுக்கு மெல்லிய தாளும் பசையும் போதும். சாம் ஃபிலிப்ஸ் செய்ததன் நாகரிக வடிவம் அது. கூம்பு முற்றும் கெட்டிருந்தால் சட்டகத்தையும் காந்தத்தையும் வைத்துக்கொண்டு, பழைய கூம்பு, நடுத்துணி, சுருள் மூன்றையும் வெட்டி எடுத்து, இடுக்கில் ஒரு தூசும் இல்லாமல் துடைத்து, மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருகிப் புதிய சுருளை நடுவில் நிறுத்தி ஒட்டுவார்கள். பசை உலர்ந்தபின் தகடுகளை உருவிவிட்டு நடுவில் மூடியை ஒட்டினால் வேலை முடிந்தது. பொறுமை வேண்டும் வேலை. மிருதங்கத்துக்கு மூட்டு மாற்றுவதையொத்தது எனலாம். வலந்தலைத் தோல் மாறியதால் அது வேறு மிருதங்கம் என்று எவரும் சொல்வதில்லை.

ஆனால் ஒப்புமை முழுவதும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மிருதங்கத் தோல் தேயும் என்பது தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்ட செய்தி. மூட்டுச் செய்யும் மரபு அறுபடாமல் வருகிறது. 1958இன் காகிதக் கூழோ இன்று இல்லை. புதிய கூம்பு எத்துணை நேர்த்தியாக இருந்தாலும் பழைய குரலைத் தரும் என்று உறுதி கூற இயலாது. ஆகவே கூம்பை மாற்றுவது 'மீட்பு' அன்று, 'மறுபதிப்பு' என்பதே சரி. 1990களில் இத்தாலியில் ஜென்சன் பெயரிலேயே பழைய மாதிரிகள் மீண்டும் செய்யப்பட்டன. அவற்றையோ வேறு புதியவற்றையோ பூட்டி வாசித்துவிட்டு, பழையதை அப்படியே எடுத்து வைப்பது மேலும் நேர்மையான வழி என்று நமக்குத் தோன்றுகிறது. மேடையில் வாசிப்பவருக்கு நாளைக்கே ஒலி வேண்டும். அவரிடம் மூலபாடம் பேசுவது கொடுமை. பழையதைக் குப்பையில் எறிவதை மட்டும் நம்மால் ஏற்க முடியவில்லை. விற்பனை மதிப்புக்காக அன்று. அக்கூம்பில் இருக்கும் கிழிசலும் ஒட்டும் அப்பெட்டி எங்கெங்கு எவ்வாறு ஒலித்தது என்பதன் ஒரே பதிவு.

கிழிசலுக்கு அத்துணை மதிப்பா என்று நகைப்போர் இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். லிங்க் ரே 1958இல் வெளிவந்த தமது 'ரம்பிள்' இசைக்காக ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர்களில் பென்சிலால் துளையிட்டார். கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தம் சிறிய எல்பிகோ ஆம்ப்ளிஃபயரின் கூம்பைச் சவரத் தகட்டால் கீறி, அதன் ஒலியைப் பெரிய வாக்ஸ் ஒன்றில் செலுத்தினார். 1964இல் 'யூ ரியலி காட் மீ' அக்குரலோடு வெளிவந்தது. கிசார்ட்டுக்கு நெடுஞ்சாலையில் நேர்ந்த விபத்தைப் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் மற்றவர்கள் வேண்டுமென்றே நிகழ்த்தத் தொடங்கிவிட்டார்கள். அந்த எல்பிகோவை அப்போதே யாரேனும் நல்லெண்ணத்தோடு எடுத்துச் சென்று புத்தம்புதுக் கூம்பு போட்டுக் கொடுத்திருந்தால்?

ஆகவே பழைய ஸ்பீக்கரைக் கழற்றுவோர் முதலில் பின்புறத்து எண்களைப் படியெடுத்துக்கொள்ளட்டும். கம்பிகள் இணைந்திருந்த முறையைப் புகைப்படம் எடுக்கட்டும். பின்னர்க் கூம்பின் மேல் அட்டை ஒன்றை வைத்து மூடி, ஈரம் புகாத பெட்டியில் இட்டு, எந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து எந்த நாளில் கழற்றியது என்று பெட்டியின் மேல் எழுதிவைக்கட்டும். ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள்.