பூண்

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போய்க் 'கடைசல்' என்று சொன்னால் இன்று இரும்புதான் ஞாபகத்துக்கு வரும். தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. ஆனால் கடைசலின் பழைய வீடு மரம். தொட்டில் கால், சப்பாத்திக் கட்டை, பம்பரம், உளிப்பிடி எல்லாம் அங்கே பிறந்தவை. இதில் பம்பரத்துக்கும் உளிப்பிடிக்கும் உலோகம் வேண்டும். பசை வேண்டாம். பம்பரத்தில் ஆணியை மரம் கவ்விக்கொள்கிறது. உளிப்பிடியில் மரத்தை வளையம் கவ்விக்கொள்கிறது. அந்த வளையத்தின் பெயர் பூண்.

பூண் என்றால் நகை என்றும் பொருள். உலக்கை முனையிலிருக்கும் இரும்பு வளையமும் பூண்தான். கழற்றிவிட்டுக் குத்திப் பாருங்கள், நாலு நாளில் உலக்கை வாய் பிளந்துவிடும். அழகும் பிடிமானமும் ஒரே சொல்லுக்குள் இருப்பது சும்மா இல்லை. உலக்கை தேய்ந்து உளிப்பிடி ஆச்சு என்பார்கள். ஆனாலும் பூண் போகவில்லை பாருங்கள்.

இதன் பெரிய வடிவம் மாட்டுவண்டிச் சக்கரம். பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாகச் சென்னைப் பட்டணத்துக்குப் பாரம் இழுத்த சக்கரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்புப் பட்டையைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறிதாகவே அடிப்பார்கள். 4.7 மீட்டர் சுற்றளவுள்ள பட்டை 500 டிகிரி சூடேறினால் சுமார் 28 மி.மீ. நீளும். அந்த இடைவெளியில் சக்கரத்துக்கு மாட்டித் தண்ணீர் ஊற்றினால், சுருங்கி ஆரக்கால்களை நெரித்துப் பிடித்துக்கொள்ளும். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை ஓடத் தொடங்கிய ரயில் ஆவடி வழியாகத்தான் போனது. ரயில் சக்கரங்களிலும் இதே வித்தை உண்டு, மரத்துக்குப் பதில் இரும்பு.

பசையை ஏன் நம்பவில்லை? மரமும் உலோகமும் ஒரே மாதிரி மூச்சுவிடுவதில்லை. 50 மி.மீ. பித்தளை வளையம் 20 டிகிரி சூடேறினால் விரிவது 0.02 மி.மீ.தான். அதே அளவு தேக்கு, ஐப்பசி ஈரத்திலிருந்து சித்திரை வெயிலுக்குள் 4 சதவீத ஈரத்தை இழந்தால் 0.3 மி.மீ. வரை சுருங்கும். கிட்டத்தட்ட 15 மடங்கு. நடுவில் மாட்டிய பசை என்ன செய்யும்? மரம் காய்ந்து வண்டிப் பட்டை ஆடினால் சக்கரத்தைத் தண்ணீரில் ஊறவைக்கலாம். விறைத்த பசைக்கு அந்த வழி இல்லை.

ஒட்டித்தான் ஆகவேண்டும் என்ற இடத்தில் நம் ஆட்கள் இளகுகிற பொருளைத் தேர்ந்தார்கள். கத்தி அலகைப் பிடிக்குள் நிறுத்தியது அரக்கு. தஞ்சாவூர் வீணையில் 24 பித்தளை மெட்டுகளும் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. சுருதி விலகினால் மெழுகை இளக்கி மெட்டைத் திரும்ப நிறுத்தலாம். தவறும், திருத்தலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒட்டு அது.

விறைப்பான பசை போரில் வந்தது. 1944 இறுதியில் இந்தியாவிலிருந்த மொஸ்கிட்டோ மர விமானங்கள் ஒட்டு விட்டதால் தரையிறக்கப்பட்டன. தயாரிப்புக் குறை, வெப்பமண்டல ஈரம் இரண்டும் விசாரணைக்கு வந்தன. 1941இல் பிரிட்டனில் உருவான ரெடக்ஸ், ஹார்னெட் விமானத்தில் மரத்தோடு அலுமினியத்தை ஒட்டியது. 1946இல் அரால்டைட் வந்தது. இன்று எந்த ஹார்டுவேர் கடையிலும் இரண்டு டியூப் கிடைக்கும்.

அதை வைத்து ஒரு பித்தளை வளையத்தை மரக்கிண்ணத்தில் பதிப்பது இப்போது அரைமணி வேலை. தப்பில்லை. நன்றாகக் காய்ந்த மரத்தை எடுத்து, பள்ளத்தில் மயிரிழை இடம் விட்டு, கொஞ்சம் வளையும் பசையைப் போட்டால் பல மழைக்காலம் தாங்கும். ஆனால் அந்த வளையத்தைக் கழற்றினாலும் கிண்ணம் கிண்ணமாகவே இருக்கும். உலக்கைப் பூணைக் கழற்றினால் உலக்கை இருக்காது. நகை என்ற சொல்லுக்கு அவ்வளவு வேலை கொடுத்தவர்கள் நம் முன்னோர்.