திருத்துகிறவர் யார்?

"அந்த டியூட்டர் ரொம்ப கறார், இவரு தாராளம்." சுபாங் ஜெயாவில், எஸ்.எஸ்.15 பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில், கல்லூரி மாணவர்கள் பேசிக்கொள்வது அடிக்கடி காதில் விழும். வெறும் புலம்பல் என்று இதை நான் ஒதுக்குவதில்லை. இதற்குப் பின்னால் நூறாண்டைத் தாண்டிய சரித்திரம் இருக்கிறது.

1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளின் பிரதிகளைப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தினார்கள். ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரை மார்க் விழுந்தது. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அடுத்த ஆண்டு வடிவியல் தாளைக் கொடுத்தபோது இடைவெளி இன்னும் விரிந்தது.

டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த ஃபிலிப் ஹார்டாக், ரோட்ஸுடன் சேர்ந்து 1935இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமாகப் போகிறது. 15 சரித்திரத் தாள்களை 14 பேர் திருத்தினார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து அதே தாள்கள் அதே ஆட்களிடம் திரும்பப் போயின. தோல்வியா, தேர்ச்சியா, சிறப்புத் தேர்ச்சியா என்ற 210 தீர்ப்புகளில் 92 மாறிவிட்டன. அவர்கள் யாரும் மோசடிக்காரர்கள் அல்ல. மனிதக் கை அப்படித்தான் திருத்தும்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்க வேண்டும். தமிழ்மொழி மூலம் எழுதியவர்களுக்குத் தமிழ்ப் பரீட்சகர்கள் புள்ளிகளை அள்ளிக் கொடுத்துவிட்டார்கள் என்று 1970 வாக்கில் பேச்சு கிளம்பியது. குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. ஆனாலும் 1971 சேர்க்கையில் மருத்துவப் படிப்புக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 229 புள்ளி போதும், தமிழ் மாணவருக்கு 250 வேண்டும் என்றானது. தரப்படுத்தல் என்ற சொல் ஒரு தலைமுறையின் காயமாயிற்று. பின்னால் ஆயுதம் ஏந்திய இளைஞர்களின் மனக்கசப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

திருத்துகிறவர்மேல் சந்தேகமா? தாளில் பெயரை மறைத்து இன்னொருவரிடம் கொடுங்கள். இருவரும் வேறுபட்டால் உட்கார்ந்து பேசட்டும். மூன்றாவது ஆள் பார்க்கட்டும். செலவு பிடிக்கும், நேரம் பிடிக்கும். ஆனால் அங்கே கேள்வி ஒரு தாளைப் பற்றியது. தரப்படுத்தலில் தாளை யாரும் புரட்டவே வேண்டியதில்லை. எழுதியவர் எந்த மொழி என்று தெரிந்தால் போதும். மார்க் சரியா என்ற கேள்விக்கு அது பதிலே அல்ல.

அதனால்தான், "எனக்கு ஏன் இந்த மார்க்?" என்று கேட்கிற மாணவரை அதிகப்பிரசங்கி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.